மலைக் குளிரும் மோட்டார் சைக்கிள் கையுறையும்



மழைக்காலத்தில் ஒரு நாள் காலை. கேமரன் மலையில் எங்கள் பள்ளி வாசலில் ஒரு தந்தை தம் மகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். மேல் டிவிஷனிலிருந்து சாரல் மழையில் இறக்கப் பாதையில் வந்தவர் அவர். மகள் இரண்டாம் ஆண்டு படிப்பவள். அவளுடைய தலைக்கவசத்தின் வாரைக் கழற்ற அவர் முயன்றார், முடியவில்லை. விரல்கள் வெளுத்து விறைத்திருந்தன. "ஏம்பா கை நடுங்குது?" என்று குழந்தை கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, மரத்துப் போச்சு" என்றார். கடைசியில் நாங்கள்தாம் அந்த வாரைக் கழற்றிவிட்டோம். "கொஞ்ச நேரத்துல சரியாயிடும் சார்" என்று சிரித்துக்கொண்டே அவர் வேலைக்குப் புறப்பட்டார்.

அவர் போன பிறகு எங்களுக்கு ஒரு நினைவு வந்தது. வாரைக் கழற்ற முடியாத அதே கைதான், ஒரு நிமிடத்துக்கு முன்பு, பின்னால் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, ஈரமான வளைவில் பிரேக்கைப் பிடித்து வந்தது! எதிரே ஒரு காய்கறி லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நேயர்களே, அதனால்தான் இன்று கையுறையைப் பற்றிப் பேச வந்தோம். "கையுறை வெள்ளைக்காரர் நாட்டுக்கு உரியது, நம் வெயில் நாட்டில் அது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். முதலில் அந்தக் கேள்விக்கே விடை காண்போம்.

கடல் மட்டத்திலிருந்து மேலே போகப் போகக் குளிர் கூடும். ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறினால் 6 டிகிரி செல்சியஸ் குறையும் என்று கணக்கு. தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே தாப்பாவில் இருப்பதைவிட அங்கே 8, 9 டிகிரி குறைவாக இருப்பதில் வியப்பில்லை. விடியற்காலையில் 15 டிகிரியை ஒட்டி நிற்பது கேமரன் மலையில் சாதாரணம். 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியன்று அங்கே 7.8 டிகிரி பதிவாயிற்று. வானிலைத் துறையின் பதிவேட்டில் நம் நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலை அதுவே.

சரி, 15 டிகிரி என்ன பெரிய குளிரா? லயத்து வாசலில் நின்று தேநீர் குடிப்பவருக்கு அது பெரிய குளிர் அன்று. ஆனால் மோட்டார் சைக்கிளில் ஏறியதும் கணக்கே மாறிவிடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

நம் தோலைச் சுற்றி எப்போதும் மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடம்பின் சூட்டால் அந்தக் காற்றும் வெதுவெதுப்பாகி, ஒரு மெல்லிய போர்வைபோல் நம்மைக் காக்கிறது. சூடான கோப்பியை வாயால் ஊதினால் என்ன ஆகிறது? மேலே நின்ற சூடான காற்று விலகிப் போகிறது. புதிய குளிர்ந்த காற்று வந்து சேருகிறது. கோப்பி விரைவில் ஆறிவிடுகிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் கையும் அந்தக் கோப்பியைப் போலத்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, அந்த வேகத்தில் வீசும் காற்று ஓயாமல் கையை ஊதிக்கொண்டே இருக்கிறது. வானிலையாளர்கள் முகத்துத் தோலை வைத்து இதற்கு ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதன்படி வெப்பநிலை 10 டிகிரியாக இருக்கையில் 60 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால், ஏறத்தாழ 5 டிகிரிக் குளிரில் நிற்பதுபோல் இருக்கும். 0 டிகிரியாக இருந்தால் உறைநிலைக்குக் கீழே 9 டிகிரிபோல் தோன்றும்.

இது நனையாத தோலுக்கான கணக்கு. நனைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். ஒரே ஒரு கிராம் நீர் தோலிலிருந்து ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் போகிறது. அவ்வளவு வெப்பத்தைக் கொண்டு 5 கிராமுக்கும் கூடுதலான பனிநீரைக் கொதிக்க வைத்துவிடலாம்! எனவே ஈரமான பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டு காற்றில் போவது, மண்பானையைக் கையில் கட்டிக்கொண்டு போவதற்குச் சமம். சில சமயம் வெறுங்கையே மேல் என்று தோன்றும்.

இப்போது உடம்பு என்ன செய்கிறது என்று கவனிப்போம். உடம்புக்கு இதயம், நுரையீரல், மூளை ஆகியவையே முதன்மையானவை. குளிர் தாக்கியதும், அவற்றின் சூட்டைக் காப்பதற்காகக் கைகால்களுக்குப் போகும் சிறு இரத்தக் குழாய்களை உடம்பு சுருக்கிக்கொள்கிறது. இரத்தம் குறைந்தால் சூடு குறையும். விரல் நுனி வெளுக்கும். பிறகு மரத்துப் போகும். விரல்கள் ஒல்லியானவை, சூட்டைத் தேக்கி வைக்க அவற்றில் சதையும் அதிகமில்லை. தோலின் சூடு 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விரல்களின் சுறுசுறுப்பு குறையத் தொடங்கும். அதற்கும் கீழே போகப் போகத் தொடு உணர்ச்சியும் மங்கிவிடும்.

இன்னொன்றையும் தாய்மார்கள் நினைவில் கொள்ள வேண்டும். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்னங்கையில் இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் நரம்புக் கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டின் வழியே விரல்களுக்குப் போகின்றன. உங்கள் முன்னங்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள். உள்ளே அசைவது தெரியும். ஆகவே கையுறை மட்டும் போதாது. முன்னங்கையும் மணிக்கட்டும் குளிரில் கிடந்தால், நல்ல கையுறைக்குள் இருக்கும் விரலும் விறைக்கும். நம்மவர்கள் பலர் ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றி, முதுகுப் பக்கம் நெஞ்சில் வரும்படி போட்டுக்கொண்டு ஓட்டுவதைப் பார்க்கிறோம். பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் நெஞ்சுக்குக் காற்றுப் புகாமல் அது காக்கிறது; நெஞ்சு சூடாக இருந்தால் கைக்கும் இரத்தம் தாராளமாக வரும்.

கை மரத்துப் போனால் ஆபத்து எங்கே இருக்கிறது? நம் வண்டியில் வலக்கைதான் முன் பிரேக்கைப் பிடிக்கிறது; அதே கைதான் முறுக்கையும் திருகுகிறது. பிரேக் போடும்போது பாரம் முன் சக்கரத்தின்மேல் சாய்வதால், வண்டியை நிறுத்துவதில் முன் பிரேக்குக்கே பெரும் பங்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடுகிறது. 60 கிலோமீட்டரானால் ஏறத்தாழ 17 மீட்டர். விறைத்த விரல் ஒரு நொடி தாமதித்தால், அவ்வளவு தூரமும் நாம் பிரேக் இல்லாமல் போகிறோம் என்று பொருள். மரத்த கை எவ்வளவு அழுத்துகிறது என்பதும் நமக்குத் தெரியாது. திடீரென்று இறுக்கிப் பிடித்துவிட்டால் ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கிவிடும். நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பதை மறந்துவிடலாகாது.

மலையில் இல்லாத நேயர்கள், "இது எங்களுக்கு இல்லை" என்று வானொலியை மூடிவிட வேண்டாம். கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் குளிர் குறைவுதான். ஆனால் இருட்டோடு பெரட்டுக்குப் போகும்போது மழையில் நனைந்த கை அங்கேயும் விறைக்கத்தான் செய்கிறது. மேலும் கையுறைக்கு இரண்டாவது கடமை ஒன்று உண்டு. வண்டியிலிருந்து விழும் எவரும் யோசிக்காமலே கையைத்தான் முதலில் ஊன்றுவார். செம்மண் கல்லிலும் தாரிலும் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டால், பால்வெட்டுக் கத்தியை எப்படிப் பிடிப்பது? செம்பனைக் குலையை எப்படி இறக்குவது? கொழுந்தை எப்படிக் கிள்ளுவது? நாள் சம்பளக் குடும்பத்துக்குக் கைதான் முதல். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் அல்லவா?

தலைக்கு 1973-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது; தலைக்கவசம் கட்டாயமாயிற்று. கைக்குச் சட்டம் இல்லை. ஆகவே கையை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தத் தந்தையிடம் மறுநாளே நாங்கள் பேசினோம். "நல்ல தடிப்பான கையுறையாகப் பார்த்து வாங்குங்கள்" என்று சொன்னோம். அவரும் தாப்பாவில் ஒரு பண்டல் கடையில், குளிர் நாடுகளிலிருந்து வந்த பழைய உடுப்புக் குவியலில், பனியில் சறுக்கி விளையாடுவோர் அணியும் பெரிய கையுறை ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிவந்தார். அந்த வாரமே ஒரு வளைவில் பிரேக் பிடிக்கப் போனவர், தடித்த விரல் பிரேக் தண்டுக்குப் பின்னால் சரியாக நுழையாமல் தடுமாறிவிட்டார். நல்லவேளை, பின் பிரேக் காப்பாற்றியது. "சார், கை சூடாத்தான் இருக்கு. ஆனா எதைப் பிடிக்கிறேன்னே தெரியல" என்றார். அவர்மேல் குற்றமில்லை. தடிப்பைப் பார்த்து வாங்கச் சொன்ன நாங்கள் சொன்னதுதான் தவறு. அதன் பிறகே இதைப் பற்றி ஒழுங்காகப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டோம். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம்.

நல்ல கையுறை நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். காற்றைத் தடுக்க வேண்டும். நீரைத் தடுக்க வேண்டும். சூட்டைத் தேக்க வேண்டும். விழுந்தால் தோலைக் காக்க வேண்டும். இந்த நான்கையும் செய்துகொண்டே, பிரேக்கும் முறுக்கும் விளக்குப் பொத்தானும் விரலுக்குத் தெரியும்படி விட வேண்டும். கடைசியில் சொன்னது குறைந்தால் முதல் நான்கும் இருந்து பயனில்லை.

நம் சந்தையில் கிடைக்கும் கையுறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, பின்னல் கையுறை. மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்தக் கம்பளி நூல் கையுறை. நடந்து போகிறவருக்கு அது நல்லது. வண்டியில் ஏறினால் பின்னலின் ஒவ்வொரு கண்ணிலும் காற்றுப் புகும். முறுக்கைப் பிடித்தால் வழுக்கும். தனியாக அதை அணிந்து ஓட்டக் கூடாது.

இரண்டாவது, வேலைத்தலத்துப் பருத்திக் கையுறை. உள்ளங்கையில் ரப்பர் பூசியது ஒரு வகை. காய்கறித் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் இதை அணிகிறார்கள். பிடிமானம் நன்றாக இருக்கும், விலையும் மலிவு. ஆனால் புறங்கைப் பக்கம் வெறும் நூல்தான். காற்று படுவதோ புறங்கையில்தானே!

மூன்றாவது, மெல்லிய ரப்பர்க் கையுறை. மருத்துவமனைகளில் அணிவது இது. இதில் நமக்குப் பெருமை உண்டு. 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தச் சிறு தொடக்கத்திலிருந்து வளர்ந்த தொழிலில்தான் நம் பாட்டன்மார் பால் வெட்டினார்கள். மரத்துப் பாலைச் சுழல் இயந்திரத்தில் இட்டு நீரைப் பிரித்து, 60 விழுக்காடு ரப்பர் உள்ள கெட்டிப் பாலாக்கி, அதில் கை வடிவ அச்சுகளை முக்கி எடுத்துக் கையுறை செய்கிறார்கள். இப்போது நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரிலும் ஏராளமாகச் செய்கிறார்கள். உலகிலேயே ரப்பர்க் கையுறையை மிகுதியாகச் செய்யும் நாடு மலேசியாதான்.

இந்த மெல்லிய கையுறை காற்றையும் நீரையும் முழுமையாகத் தடுக்கும். ஆனால் சூட்டைத் தேக்காது. விழுந்தால் தோலைக் காக்காது. கையின் வேர்வையும் உள்ளேயே நின்றுவிடும். அரைமணி நேரப் பயணத்துக்கு, வேறொரு கையுறைக்கு உள்ளே அணிய இது மிக ஏற்றது. ரப்பர்ப் பால் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. அரிப்பும் தடிப்பும் வரும். அப்படிப்பட்டவர்கள் நைட்ரைல் கையுறையை அணியலாம்.

நான்காவது, தோல் கையுறை. விழுந்தால் காப்பதில் தோலுக்கு நிகரில்லை என்றே சொல்லலாம். காற்றும் புகாது. ஆனால் மழையில் ஊறிவிடும். ஊறினால் மறுநாள்கூட உலராது. மலையின் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

ஐந்தாவது, மோட்டார் சைக்கிளுக்கென்றே குளிருக்காகச் செய்த கையுறை. இதில் மூன்று அடுக்கு இருக்கும். வெளியே தடித்த நைலான் துணி அல்லது தோல். நடுவில் நீர்புகா மென்படலம். உள்ளே பஞ்சுபோன்ற மெத்தை. பஞ்சுக்குத் தானாகச் சூடு கிடையாது. அதன் இழைகளுக்கிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. சில கையுறைகளில் பஞ்சின் அளவைக் கிராமில் குறித்திருப்பார்கள். 40 கிராம் என்றால் மெல்லியது. 100, 150 என்றால் தடிப்பானது. பனி கொட்டும் நாட்டுக்கு 150 தேவைப்படலாம். நம் மலைக்கு மெல்லியதே போதும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் மலைக் குளிரில் ஒரு விசேஷம் உண்டு. தானா ராத்தாவில் 15 டிகிரியில் புறப்படுபவர், 60 கிலோமீட்டர் இறங்கித் தாப்பாவுக்கு வரும்போது 30 டிகிரி வெயிலில் நிற்கிறார். ஒரே தடிப்பான கையுறை அணிந்தவருக்குக் கீழே வந்ததும் கை வெந்துவிடும். உள்ளே வேர்த்து நனைந்த கையுறையோடு மாலையில் மீண்டும் மேலே ஏறினால், மண்பானைக் கதைதான். ஆகவே நமக்கு இரண்டு மெல்லிய அடுக்குகளே சிறந்தவை. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. கீழே இறங்கியதும் உள்ளே இருப்பதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

இனி, கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

முதலில் அளவு. இறுக்கமான கையுறை சூடாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இறுக்கினால் இரத்த ஓட்டம் குறையும். பஞ்சிலுள்ள காற்றும் நசுங்கி வெளியேறிவிடும். அதற்காகத் தொளதொளவென்றும் இருக்கலாகாது. விரல் நுனிக்கு முன்னால் அரை சென்டிமீட்டர் இடம் இருந்தால் போதும். உள்ளே இன்னொரு மெல்லிய கையுறை அணிவதானால், அதையும் அணிந்துகொண்டே அளவு பார்க்க வேண்டும்.

அடுத்து, கையுறையை மாட்டிக்கொண்டு உங்கள் வண்டியில் உட்காருங்கள். முறுக்கைத் திருகுங்கள். பிரேக்கைப் பிடித்து விடுங்கள். பத்து முறை செய்யுங்கள். விரல் தண்டில் சிக்குகிறதா? உள்ளங்கையில் துணி மடிந்து உறுத்துகிறதா? கட்டைவிரலால் விளக்கையும் சமிக்ஞையையும் ஹாரனையும் தொட்டுப் பாருங்கள். மேசைமேல் ஒரு 20 காசை வைத்துக் கையுறையோடு எடுத்துப் பாருங்கள். எடுக்க முடிந்தால் விரலுக்கு உணர்ச்சி இருக்கிறது என்று கொள்ளலாம்.

மூன்றாவது, புறங்கைத் துணியில் வாயை வைத்து ஊதுங்கள். மறுபக்கம் மூச்சுக் காற்று வந்தால் சாலைக் காற்றும் வரும்.

நான்காவது, மணிக்கட்டு வாரைப் போட்டுக்கொண்டு, விரல் நுனிகளைப் பிடித்து வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். கையோடு நிற்க வேண்டும். கழன்று வந்தால், விழும்போது சாலையிலும் கழன்றுவிடும். அப்புறம் அதை அணிந்து என்ன பயன்?

ஐந்தாவது, கையை வெளியே எடுக்கும்போது உள்துணியும் கூடவே வருகிறதா என்று பாருங்கள். அப்படி வரும் கையுறையை மழையில் கழற்றினால் மீண்டும் மாட்டவே முடியாது. அவசரத்துக்கு அது உதவாது.

ஆறாவது, உள்ளங்கையைத் தடவிப் பாருங்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கையை ஊன்றும் இடத்தில் இரண்டாவது தோலோ துணியோ வைத்துத் தைத்திருக்கிறதா? தையல் இரட்டையாக இருக்கிறதா? ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் கையுறைக்கென்றே ஈ.என். 13594 என்னும் தர அளவு உண்டு. தேய்மானம், கிழிசல், கையைவிட்டுக் கழலாமை ஆகியவற்றை அதில் சோதிக்கிறார்கள். அந்த எண் உள்ளே தைத்த சீட்டில் இருந்தால் கையுறையை நம்பி வாங்கலாம். 1, 2 என்று தரமும் போட்டிருக்கும்; 2 என்பது கூடுதல் காப்பு.

பண்டல் கடையில் பழையதை வாங்குவதில் இழிவு ஒன்றுமில்லை. குளிர் நாட்டார் அணிந்து கழித்த நல்ல கையுறைகள் அங்கே மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கியதும் ஒரு வாளித் தண்ணீரில், கையுறையை அணிந்தபடி மணிக்கட்டு வரை ஐந்து நிமிடம் வையுங்கள். எந்த விரல் நனைகிறதென்று தெரிந்துவிடும். நனைந்தால் உள்ளே மெல்லிய ரப்பர்க் கையுறை அணிந்து சமாளிக்கலாம்.

இதற்கும் இந்த மாதம் பணமில்லை என்போர் என்ன செய்வது? பிள்ளைகளுக்குப் புத்தகப்பை வாங்குவதா, அப்பாவுக்குக் கையுறை வாங்குவதா என்று தாய்மார்கள் திகைப்பதை நாங்கள் அறிவோம். மெல்லிய ரப்பர்க் கையுறையை உள்ளே அணிந்து, அதன்மேல் உள்ளங்கையில் ரப்பர் பூசிய பருத்திக் கையுறையை அணியுங்கள். உள்ளே இருப்பது காற்றைத் தடுக்கும். வெளியே இருப்பது பிடிமானம் தரும். வெளிக் கையுறை நனைந்தாலும் தோல் நனையாது. சில வெள்ளியில் முடிந்துவிடும். விழுந்தால் இது முழுக் காப்பு ஆகாது. ஆனால் பிரேக்கைப் பிடிக்கும் விரலுக்கு உயிர் இருக்கும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளிக்க அணிந்த கையுறையை எக்காரணம் கொண்டும் வண்டிக்கு அணியாதீர்கள். எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். வேர்த்த தோல் வழியே நஞ்சு உடம்பில் ஏறும். அந்தக் கையால் கண்ணைக் கசக்குவோம். பிள்ளையின் முகத்தைத் துடைப்போம். வேலைக் கையுறை வேலைத்தலத்திலேயே இருக்கட்டும்.

மழையில் ஓட்டும்போது கையுறையின் விளிம்பை மழைச்சட்டைக் கைக்கு உள்ளே விட்டு, சட்டைக் கையை இறுக்கிக்கொள்ளுங்கள். வெளியே விட்டால் கையில் வழியும் நீரெல்லாம் கையுறைக்குள் இறங்கி, அது கிணறாகிவிடும். மழையில்லாத குளிரில் விளிம்பை வெளியே விட்டுக் காற்றை அடைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் நனைந்த கையுறையை அடுப்புக்கு மேலே தொங்கவிடாதீர்கள். தோல் சுருங்கி வெடிக்கும்; மென்படலமும் கெட்டுவிடும். உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரவு படுக்கப்போகுமுன் ஒரு தடவை தாளை மாற்றினால் இன்னும் நல்லது.

இவ்வளவும் செய்தும் வழியில் கை மரத்துவிட்டால் என்ன செய்வது? மரத்த கையோடு, "இன்னும் இரண்டு மைல்தானே" என்று ஓட்டாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். கைகளை அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். கைகளை வட்டமாகச் சுழற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் இரத்தம் திரும்பும். அப்போது சுருக்கென்று குத்தும், பயப்பட வேண்டாம். ஆனால் சூடான புகைக்குழாயைப் பிடித்துக் கையைக் காய்ச்சக் கூடாது. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்த பிறகே தெரியும். நீரிழிவு உள்ளவர்களுக்கு முன்னமே உணர்ச்சி குறைந்திருக்கலாம். அவர்கள் இரட்டைக் கவனத்தோடு இருக்க வேண்டும். குளிருக்கு நல்லது என்று சுருட்டோ சிகரெட்டோ பிடிப்பவர்களுக்கும் ஒரு சொல்: அது இரத்தக் குழாயைச் சுருக்கும், கையை மேலும் குளிரவைக்கும்.

பின்னால் உட்காரும் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். அப்பாவின் முதுகு அவர்களுக்குக் காற்றைத் தடுக்கும். ஆனால் அப்பாவின் இடுப்பைப் பற்றியிருக்கும் பிஞ்சுக் கைகள் காற்றில்தான் இருக்கின்றன. கை மரத்துப் பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கும் ஒரு சிறிய கையுறை தேடுங்கள்.

இதுவரை சொன்னவற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். கையைக் குளிரவைப்பவை காற்றும் ஈரமும். முதலில் அவற்றைத் தடுக்க வேண்டும். ஒரு தடிப்பைவிட இரண்டு மெல்லிய அடுக்கு மேல். இறுக்கம் ஆகாது. பிரேக் விரலுக்குத் தெரிய வேண்டும். இழுத்தால் கையைவிட்டுக் கழலக் கூடாது. நஞ்சு தெளித்த கையுறை வேண்டவே வேண்டாம்.

முதலில் சொன்ன அந்தத் தந்தை இப்போது உள்ளே மெல்லிய ரப்பர்க் கையுறையும், வெளியே உள்ளங்கையில் தோல் தைத்த மெல்லிய கையுறையும் அணிகிறார். பனிச்சறுக்குக் கையுறை லயத்தில் ஆணியில் தொங்குகிறது. மழை நாளிலும் பள்ளி வாசலில் மகளின் தலைக்கவசத்து வாரை அவரே கழற்றிவிடுகிறார். அவள் திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்கு ஓடிவிடுகிறாள். அவர் வேலைக்குப் போகிறார்.

நேயர்களே, இன்று மாலை உங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் கையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அது எவ்வளவு பாடுபடுகிறது என்று தெரியும். அந்தக் கைக்கு ஓர் உறை வாங்கிக் கொடுங்கள். மீண்டும் வேறோர் உரையில் சந்திப்போம்.